நலுயிமா அன்று ஏன் ஓடினாள்

என் நாத்தனார் நலுயிமாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அதில் இருபத்தெட்டு வருடம் அவளைப் பிடிக்கும், இரண்டு வருடம் பிடிக்காது. அந்த இரண்டு வருடமும் தப்பு என்மேல்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பள்ளிக்கூட டீச்சர். தப்பை ஒத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்கு தினமும் சொல்லிவிட்டு, என் தப்பை நானே பெட்டியில் பூட்டி வைத்தால் நன்றாக இருக்காது.

மசாக்கா ஊரை ஒட்டிய நியெண்டோ சந்தையில் நலுயிமா எங்கே என்று கேட்டால், தையல்காரர் வரிசையில் கடைசி மிஷினைக் காட்டுவார்கள். எங்கள் பெண்கள் விசேஷத்துக்கும் வெளியூருக்கும் உடுத்துகிற கோமெசி என்ற நீள உடையை அவள்போல் தைக்க அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. தோள்பட்டை இரண்டும் கத்திபோல் நிற்கும். இருபது வயதில் மீன் லாரி ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். முப்பத்திரண்டில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கு, அதாவது என் புருஷன் லுயிமா வீட்டுக்கு, ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். ஆறே மாதத்தில் தையல் மிஷின் வாங்கி, பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டாள். ஒருவர் கையை எதிர்பார்க்கிற பிறவி இல்லை அவள்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இம்மாகுலேட், சின்னவள் புரோஸ்கோவியா. இம்மா, புரோசி என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் பாதி அத்தைக்குச் சொந்தம். சமைந்த பெண்ணுக்கு உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அம்மா சொல்லக் கூடாது, அப்பா கூடப்பிறந்த அத்தைதான் சொல்ல வேண்டும். நலுயிமா அந்த வேலையில் கெட்டிக்காரி. வேறு வீட்டுக்காரர்கள்கூடக் கல்யாணத்துக்கு முன்னால் தங்கள் பெண்களை அவளிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். இடுப்புக்குக் கீழே என்று அவள் ஆரம்பித்தால் கேட்கிற கிழவிகளே முக்காடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்டவள் தன் இடுப்புக்குக் கீழே நடந்ததை நாலு வருடம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மா வந்த பேச்சா?

இம்மாவின் அறிமுக விழாவில்தான் எல்லாம் கெட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கூடைகளோடு வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்வது எங்கள் வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் வாய்ச்சாலகமான பேச்சாளர் ஒவ்வொருவர் இருப்பார். நாலைந்து மணி நேரம் பேச்சு, எதிர்ப்பேச்சு, கிண்டல். பெண் பக்கத்துப் பெண்கள் பாயில் முழந்தாளிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை தன் ஆட்களோடு வெள்ளை அங்கி போட்டு யார் யாரென்று தெரியாமல் ஒளிந்து உட்கார்ந்திருப்பான். அத்தை பூவோடு எழுந்து போய், அத்தனை பேரில் அவனைக் கண்டுபிடித்து, அங்கியில் பூவைக் குத்தி, கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அத்தை பூக் குத்தினால் பெண் வீட்டுக்குச் சம்மதம். குத்தாமல் திரும்பினால் சம்மதம் இல்லை. அம்மாவுக்கு இதில் இடமே கிடையாது. மருமகன் கண்ணில் மாமியார் படவே கூடாது என்பதால் நான் அறைக்குள் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நலுயிமா பூவோடு எழுந்தாள். பந்தலில் பாதி தூரம் போனாள். நின்றாள். ஒரு நொடி மாப்பிள்ளை வரிசையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, கோமெசியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டாள்! என்னைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனாள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, "என் பையன் மூஞ்சியில என்னய்யா குறை? அத்தைக்காரி பாத்த உடனே ஓடுறாங்களே!" என்றார். எங்கள் பேச்சாளர், அத்தை பூவை மறந்துவிட்டார் என்று சமாளித்தார். பூ அவள் கையில் இருந்ததை நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடாவை அபராதமாகக் கொடுத்து, காலில் விழாத குறையாகச் சமாதானம் ஆயிற்று. நலுயிமா அரை மணி கழித்து வேறு கோமெசி மாற்றிக்கொண்டு வந்து பூவைக் குத்தினாள். புதுத் துணி உடுத்தி வந்து குத்தினதுகூட என் கண்ணுக்குத் திமிராகத்தான் பட்டது.

சாயங்காலம் அவளைப் பிடித்து, "இப்ப திருப்தியா அண்ணி?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்குப் பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சல் என்று நான் முடிவு கட்டினேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாணம் நடந்தது. ஆனால் இம்மாவின் மாமியார் நபத்தன்சி அந்தக் கதையை விடவில்லை. குழம்பில் உப்புக் கூடினால், "உன் அத்தைக்கே பிடிக்காத வீடுதானே இது, உனக்கு எங்கே பிடிக்கப் போகுது?" குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "அத்தை ஓடின ராசி." இம்மா போனில் அழுவாள். நான் போனை வைத்துவிட்டு நலுயிமாவை மனசுக்குள் திட்டுவேன். அவள் வந்தால் டீ கொடுப்பேன். அவள் குடிக்க மாட்டாள். என் டீகூட வேண்டாமாக்கும் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. சின்னவள் புரோசி கம்பாலாவில் போன் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஒருவன் அமைந்தான். டிசம்பர் முதல் சனிக்கிழமை அறிமுகம் என்று நாள் குறித்தோம். செப்டம்பரில் ஒரு நாள் நலுயிமா வந்து வாசலில் நின்றபடியே, "புரோசிக்கு நன்யோங்கா அத்தையா நிக்கட்டும், நான் வேண்டாம்" என்றாள். நன்யோங்கா என் புருஷனின் பெரியப்பா மகள், மூக்கால் பேசுவாள்.

"நல்லதாப் போச்சு" என்றேன் நான். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனாலும் துணி எடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை. கம்பாலாவுக்கு இரண்டு பேரும் வேன் ஏறினோம். அவள் கதவோரமாக உட்கார்ந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள். புறப்பட்ட இருபதாவது நிமிடம், "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள். நிறுத்தினான். அடுத்த அரை மணியில் இன்னொரு தடவை. கண்டக்டர், "அம்மா, இப்படி மரத்துக்கு மரம் நின்னா கிறிஸ்துமஸுக்குத்தான் கம்பாலா போவோம்" என்றான். வண்டியே சிரித்தது. நலுயிமாவும் சிரித்தாள். அவள் கை மட்டும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

வழியில் லுக்காயாவில் சுட்ட கோழியும் வாழைப்பழமும் விற்கிறவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கதவைத் திறக்கவிடாமல் ஜன்னல் வழியே கோழி குத்திய குச்சிகளை நீட்டினார்கள். நலுயிமா, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்று கத்தினாள். அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. இறங்கி ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். கோமெசி என்றால் சும்மாவா? வெளியே பட்டுக் கச்சை, உள்ளே இன்னொரு துணிச் சுற்று. அவிழ்ப்பதற்குள் விடிந்துவிடும். கழிப்பறைத் தகரக் கதவு திறந்தபோது அவள் கையில் ஒரு பை இருந்தது. பையில் ஈரத்துணி. கோமெசியின் பின்புறமும் நனைந்திருந்தது.

"அண்ணி, தண்ணி கொட்டிடுச்சா?"

"ஆமா. என் தண்ணிதான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம். தீட்டு நின்ன மறு வருஷம் ஆரம்பிச்சுது. வருதுன்னு தெரியறதுக்கும் வந்து சேர்றதுக்கும் நடுவுல மூச்சு விட நேரமில்லடி. சந்தையில கழிப்பறை அந்தக் கோடி, என் மிஷின் இந்தக் கோடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அன்னிக்கு இம்மா விழாவில..."

"மாப்பிள்ளை ரெண்டாவது வரிசையில இருந்தான். பாத்துட்டேன். மனசு குளுந்துபோச்சு. நல்ல பையன், கண்ணுல பயம் தெரியுதுன்னு நினைச்சேன். அப்ப வந்துச்சு பாரு. இன்னும் பத்தடி நடந்திருந்தா பந்தல்லயே நனைச்சிருப்பேன். ஓடியும் வாசப்படி தாண்டறதுக்குள்ள நனைஞ்சுட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"நீ எங்கடி கேட்ட? 'திருப்தியா'ன்னுதானே கேட்ட?"

கோழி விற்கிறவர்கள் நடுவில், வெயிலில், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மன்னிச்சுடுங்க அண்ணி, மன்னிச்சுடுங்க என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள், "போதும்டி, ஏற்கெனவே ஒரு பக்கம் நனைஞ்சிருக்கேன், நீ வேற தோளை நனைக்காத" என்றாள். கண்டக்டர் தூரத்திலிருந்து விசில் அடித்தான். போடா, வருகிறோம் என்றேன்.

பிறகு வழியெல்லாம் கேட்டேன். சர்க்கரையாக இருக்கும் என்று பயந்து சோதித்துப் பார்த்திருக்கிறாள், இல்லை. மருந்துக்கடைக்காரன் கிருமி என்று சொல்லிச் சொல்லி ஐந்து தடவை மாத்திரை கொடுத்திருக்கிறான். ஒரு தடவைகூட மூத்திரத்தைச் சோதிக்கவில்லை. அப்புறம் மூலிகையும் களிமண்ணும் பிசைந்து காயவைத்த உருண்டை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இவள் சிபாரிசு செய்வதுதான். அதைக் குடம் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இந்த நோய்க்கு ஒரு குடம் தண்ணீர்! கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறாள். என் டீயை அவள் ஏன் தொடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் பிரிவில் அகெல்லோ என்றொரு சிஸ்டர். வடக்கே லீராக்காரி. எங்கள் பாஷையை உடைத்து உடைத்துப் பேசுவாள், ஆனால் வளைத்துப் பேச மாட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"அதை யாரு எண்ணினா?" என்றாள் நலுயிமா.

"நீங்கதான் எண்ணணும். மூணு நாள் எழுதிட்டு வாங்க. என்ன குடிச்சீங்க, எப்ப போனீங்க, எப்ப நனைஞ்சீங்க, எல்லாம்."

அளவு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒருத்தியின் மார்பளவு, இடுப்பளவு, நடுவில் 'பத்தரை மணி, ஓடினேன்'. பகலில் பதினேழு, ராத்திரியில் நாலு. சிஸ்டர் சிரிக்காமல் படித்தாள். மூத்திரம் சோதித்தார்கள், கிருமி இல்லை. திரைக்குள் அழைத்துப்போய்ப் பரிசோதித்தாள். மார்பில் கட்டி, புற்றுநோய் ஏதாவது வந்ததுண்டா, தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். இல்லை, இல்லை.

"அம்மா, தீட்டு நிக்கும்போது உடம்புல ஒரு ஹார்மோன் குறைஞ்சுபோகுது. ஈஸ்ட்ரோஜன்னு பேரு. அந்த இடத்துத் தோலு, மூத்திரம் வர்ற வழி, மூத்திரப் பைக்கு வாய் இருக்கே அது, எல்லாத்தையும் ஈரமாத் தடிமனா வச்சிருந்தது அதுதான். அது இல்லாம எல்லாம் வாழைச் சருகு மாதிரி காய்ஞ்சு மெலிஞ்சு கிடக்கு. பை சும்மாவே எரிச்சல்பட்டுக்கிட்டு, கொஞ்சம் சேர்ந்தாலே தள்ளு தள்ளுங்குது. அந்த ஹார்மோனையே களிம்பா அந்த இடத்துல வைக்கலாம்."

ஹார்மோன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நலுயிமா எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் அந்த வார்த்தை குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியோடுதான் வரும்.

"ஐம்பத்தாறு வயசுல எனக்கு எதுக்கு சிஸ்டர் குடும்பக் கட்டுப்பாடு? குடும்பமே இல்லையே!"

"உக்காருங்கம்மா. இது கொஞ்சூண்டு. பட்டாணி அளவு. பெரும்பாலும் வச்ச இடத்துலயே வேலை செய்யும். ரெண்டு வாரம் தினம் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை."

"ராத்திரியில நிறையப் போகாம இருக்க ஏதோ மாத்திரை உண்டுன்னு கேள்விப்பட்டேனே?" என்று நான் என் படிப்பைக் காட்டினேன்.

"உண்டு டீச்சர். அதுவும் ஒரு ஹார்மோன்தான். ராத்திரி சிறுநீரகத்தை மெதுவா வேலை செய்யச் சொல்லும். ஆனா ரத்தத்துல உப்பு இறங்கிடும், அடிக்கடி சோதிக்கணும். அது ராத்திரி மட்டும் கஷ்டப்படுறவங்களுக்கு. இவங்களுக்குப் பகல்லதான் பஞ்சாயத்து."

"இந்தக் களிம்பு வச்சா சரியாயிடுமா?" நலுயிமா கேட்டாள்.

"சரியாயிடும்னு சொன்னா நான் பொய்க்காரி. நிறையப் பேருக்குக் குறையுது. சிலருக்குக் குறையல. அப்ப வேற மாத்திரை பாக்கலாம். பன்னெண்டு வாரம் ஆகும், அவசரப்படக் கூடாது. தண்ணி குடிக்கணும், டீயைக் குறைக்கணும். முக்கியமா, வந்த உடனே ஓடாதீங்க. நில்லுங்க. கீழே இறுக்குங்க, விடுங்க, இறுக்குங்க. அலை மாதிரி வரும், தாண்டிப் போகும். போனதுக்கு அப்புறம் நடந்து போங்க."

"நின்னா அங்கேயே போயிடும் சிஸ்டர்."

"முதல்ல போகும். வீட்டுல நின்னு பழகுங்க. வீட்டுத் தரை ஒண்ணும் கோள் சொல்லாது."

பன்னிரண்டு வாரம். டிசம்பர் முதல் சனிக்கிழமைக்கு மிச்சம் இருந்தது பதினோரு வாரம். வெளியே வந்து விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, புரோசிக்கு நீங்கதான் அத்தையா நிக்கணும்" என்றேன். "நன்யோங்காவுக்கு இன்னும் சொல்லிடாத, ஆனா அவளுக்கும் துணி எடுத்து வை" என்றாள். ஆசையும் விடவில்லை, பயமும் விடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் களிம்பு இல்லை. புரோசியே கம்பாலாவில் வாங்கி வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாள். மேலே 'முகப் பூச்சு' என்று எழுதியிருந்தாள். டிரைவர் பொட்டலத்தை நீட்டி, "அம்மா, இது பூசினா என் வீட்டுக்காரியும் இப்படிப் பளபளப்பா ஆவாளா?" என்று கேட்டான். "மூஞ்சிக்கு ஆகாதுப்பா" என்று நலுயிமா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் புதன்கிழமை ஒரே வரிசை. கோயில் மாதர் சங்கத்திலிருந்து ஒருத்தி என்னை மடக்கினாள்.

"டீச்சர், உங்க நாத்தனாருக்கு யாரோ அமைஞ்சுட்டாராமே? ஊசி போடுற வரிசையில நின்னாங்களாம்."

நான் கொதித்துப் போய் நலுயிமாவிடம் வந்து சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவன் எப்படி இருப்பானாம்? வயசுப் பையனா? நல்லாக் கேட்டுச் சொல்லுடி. எனக்கே தெரியாம எனக்கு ஒருத்தன் இருக்கான்னா அவனை நான் பாக்க வேண்டாமா?"

ஆறு வாரம் ஆயிற்று. எரிச்சல் குறைந்தது, ஓட்டம் குறையவில்லை. நோட்டில் பதினேழு பதினைந்தானது, அவ்வளவுதான். வீட்டில் நின்று பழகுகிறேன் என்று நின்று, தினம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"நன்யோங்காவையே நிக்கச் சொல்லிடு. என்னால முடியாது. மூத்தவ வாழ்க்கையில மண்ணு போட்டது போதும், சின்னவளுக்கும் போட மாட்டேன்."

"சிஸ்டர் பன்னெண்டு வாரம்னாங்க."

"சிஸ்டர் வந்து பந்தல்ல நிப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, என்னவோ எல்லாவற்றின்மேலும். "அண்ணி, ரெண்டு வருஷம் உங்களைத் தப்பா நினைச்சேன். இப்ப நீங்களே உங்களைத் தப்பா நினைக்கிறீங்க. நான் நன்யோங்காகிட்ட சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீங்களே போய்ச் சொல்லிக்கோங்க" என்று வகுப்புக்குள் போய்விட்டேன். அன்று என் பிள்ளைகளுக்குக் கணக்கு ஒன்றும் ஏறவில்லை. எனக்கும்தான்.

அவள் போய்ச் சொல்லவில்லை.

எட்டாவது வாரத்தில் ஒரு ஜோடித் தோள்பட்டையை எழுந்திருக்காமல் தைத்து முடித்ததாகச் சொன்னாள். அதற்கு முக்கால் மணி ஆகும். ஒன்பதாவது வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எங்கள் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் ஆதாமில்தான் ஆரம்பிப்பார். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருகிறவள் அன்று என் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சில். ஒரு தடவை என் கையைப் பிடித்து நசுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கையை விட்டாள். பிரசங்கம் முடிந்து, காணிக்கை முடிந்து, கல்யாண அறிவிப்புகளும் வாசித்து முடிந்த பிறகுதான் எழுந்தாள். கோயிலுக்குப் பின்னால் நடந்து போனாள். நடந்து! சாமியாரின் பிரசங்கத்துக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

நோட்டில் பகல் ஒன்பது, ராத்திரி ஒன்று. சிஸ்டர் அகெல்லோ அதைப் பார்த்து, "இன்னும் குறையலாம், குறையாமலும் போகலாம். களிம்பை விடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பாராட்டு.

டிசம்பர் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வர வேண்டியவர்கள், பன்னிரண்டரைக்கு வந்தார்கள். நலுயிமா தானே தைத்த ஊதா கோமெசியில் பாயில் முழந்தாளிட்டாள். பக்கத்துப் பாயில் எங்கள் விருந்தாளியாக இம்மாவின் மாமியார் நபத்தன்சி. அவளுக்குச் சற்றுத் தள்ளி, மடியில் குழந்தையோடு இம்மா. அவள் புருஷன் ஆண்கள் பக்கம். நான் பழையபடி அறைக்குள், திரைக்குப் பின்னால்.

பேச்சாளர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு எங்கள் பேச்சாளர் லுபேகா, அத்தையை எழச் சொன்னார். நலுயிமா பூவோடு எழுந்தாள்.

பந்தலின் பாதி தூரத்தில் நின்றாள்.

அதே இடம் என்று சத்தியம் செய்வேன். அவள் முதுகு விறைத்ததைத் திரைக்குள்ளிருந்து பார்த்தேன். ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ளக் கால் துடித்தது. வெளியே போக முடியாது, மருமகன் அங்கே இருக்கிறான். மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சாளர் கிகோங்கோவுக்குப் பழைய கதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மைக்கில், "ஐயோ, அத்தை நின்னுட்டாங்க! வீட்டுக் கதவை யாராவது சாத்துங்கப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நபத்தன்சி வாயைக் கோணினாள். இம்மா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நலுயிமா அசையவில்லை. நான் எண்ணினேன். பத்து. இருபது. சிரிப்பு அடங்கியது. முப்பது. மாப்பிள்ளையின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பதை நான் எண்ணும்போது அவள் தோள் இறங்கியது. ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. மூன்றாவது வரிசையில் ஒருவன் முன்னால் போய் நின்று, பூவை அவன் அங்கியில் குத்தினாள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் திரையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டு, நலுயிமா பாயில் முழந்தாளிட்டாள். கிகோங்கோ சும்மா இருப்பாரா? "அத்தை, நடுவுல அவ்வளவு நேரம் நின்னீங்களே, எங்க பையன்மேல சந்தேகமா?" என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

இல்லை ஐயா என்று சொல்லியிருந்தால் போதும். கூட்டம் கைதட்டியிருக்கும்.

"சந்தேகம் இல்லய்யா. மூத்திரம்" என்றாள் நலுயிமா.

பந்தல் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"வயசானா பொம்பளைக்கு வர்ற வியாதி. மருந்து வைக்கிறேன், பாதி குறைஞ்சிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே வீட்டுல, மூத்த பொண்ணுக்குப் பூக் குத்தப் போய்ட்டு நான் ஓடினேன். எல்லாரும் பாத்தீங்க. மாப்பிள்ளையைப் பிடிக்காம ஓடினேன்னு சொன்னீங்க. பிடிக்காம இல்ல. அன்னிக்கும் மூத்திரம்தான். அந்தப் புள்ள தங்கம். அதோ உக்காந்திருக்கான். அவன் வீட்டுல ஒரு குறையும் இல்ல, எங்க பொண்ணு மேலயும் இல்ல. அன்னிக்கே இதைச் சொல்ற தைரியம் எனக்கு இல்லாமப்போச்சு. அந்தப் பழி என்னோடது."

முதலில் பெண்கள் பக்கத்தில்தான் சிரிப்பு கிளம்பியது. கேலிச் சிரிப்பு இல்லை. நடு வயதுப் பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். இம்மாவின் புருஷன் எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால், நலுயிமாவுக்கு எதிரே மண்டியிட்டு வணக்கம் சொன்னான். நபத்தன்சி பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பாயில் நகர்ந்து இடம் விட்டு, இம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

விழா இன்னும் இரண்டு மணி நேரம் நடந்தது. கூடைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள், லுபேகாவும் கிகோங்கோவும் ஆட்டைப் பற்றி ஏதோ சண்டை போட்டார்கள். நடுவில் நலுயிமா எழுந்தாள். கோமெசியைச் சரிசெய்துகொண்டு, ஆட்களுக்கு நடுவே நடந்து வீட்டுக்குள் வந்தாள். என்னைத் தாண்டும்போது, "எனக்கு ஒரு டீ போட்டு வைடி, சின்னக் கப்புல" என்றாள். வெளியே பேச்சு நிற்கவே இல்லை.